வட்டி இல்லையாம்! விலை என்ன?

"வட்டி இல்லை!" வழவழப்பான தாளிலே, வண்ண எழுத்திலே, வாய் நிறையச் சிரிக்கும் குடும்பத்தின் படத்துக்கு மேலே இப்படி அச்சடித்திருக்கிறார்கள். இன்று புதுக் காரை ஓட்டிச் செல்லலாமாம். பணத்தை மூன்றாண்டுக் காலத்திலே மெல்ல மெல்லக் கட்டலாமாம். ஒரு காசுகூட வட்டி வேண்டாமாம்!

கேட்கக் காது குளிர்கிறது, தோழர்களே! குளிராதா பின்னே? கந்துவட்டிக்காரன் குரல் கேட்டுக் கலங்கிய காதல்லவா அது! தண்டல்காரன் வருகிறான் என்றதும் அடுப்படிக்குள் ஒளிந்துகொண்ட தாயைப் பார்த்த கண்களல்லவா நம் கண்கள்! வட்டி என்றால் நம் வீட்டிலே அது வெறும் சொல் அல்ல. வாசலிலே நிற்கும் ஆள். அந்த ஆள் இனி வரமாட்டான் என்று ஒரு தாள் சொன்னால், தாளைக் கண்ணிலே ஒற்றிக்கொள்ளத் தோன்றாதா?

அப்படி ஒற்றிக்கொள்ளாத குறையாக ஒரு தாளை எடுத்துக்கொண்டு, சென்ற மாதம் ஒரு மாலை, நம் படிப்பகத்துக்கு வந்தார் ஒரு தோழர். பத்தொன்பது ஆண்டுகளாகப் பிறர் காரை ஓட்டுபவர். முதலாளி வீட்டுத் திருமணத்துக்கும் ஓட்டியிருக்கிறார். முதலாளி வீட்டுச் சாவுக்கும் ஓட்டியிருக்கிறார். தன் மகள் பிறந்த அன்றும் எவனோ ஒருவனை விமான நிலையத்திலே விட்டுவிட்டு வந்துதான் குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்.

"தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. நாளைக்குக் கையெழுத்துப் போடணும்."

"எதுக்கு அண்ணே கையெழுத்து?"

"கார் எடுக்கிறேன், தம்பி. அடுத்தவன் வண்டியை ஓட்டினது போதும். சொந்தமா எடுத்து வாடகைக்கு விடலாம்னு இருக்கேன். வட்டியே கிடையாதாம்!"

அவர் முகத்திலே அன்று கண்ட ஒளியை நான் மறக்கமாட்டேன். பத்தொன்பது ஆண்டு உழைப்பு ஒரு கணம் நிமிர்ந்து நின்ற ஒளி அது. அந்த ஒளியை அணைக்க எனக்கு மனமில்லை. அணைக்காமலே, அந்த வெளிச்சத்திலேயே தாளைப் படித்தேன்.

காரின் விலை 8,00,000 ரூபாய். முன்பணம் 2,00,000. மீதி 6,00,000 ரூபாயை 36 தவணையாகக் கட்ட வேண்டும், மாதம் 16,667. பெருக்கிப் பார்த்தேன். ஆறு இலட்சம்தான் வந்தது. கணக்கிலே பொய் இல்லை!

"சரியாத்தானே இருக்கு?" என்றார்.

"கணக்கு சரி அண்ணே. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதே காரை, முழுப் பணத்தையும் மேசையிலே வச்சு ரொக்கமா எடுத்தா, என்ன விலை சொல்றாங்க?"

அவர் விழித்தார். "அதை நான் கேக்கலியே! எங்கிட்டதான் ரொக்கம் இல்லையே!"

தோழர்களே, இந்த இடத்திலேதான் சூட்சுமம் இருக்கிறது. ரொக்கம் இல்லாதவன் ரொக்க விலையைக் கேட்பதில்லை. கேட்காததாலேயே அவன் கொடுக்கும் வட்டி அவனுக்குத் தெரிவதில்லை. வட்டி என்ற பெயரிலே வந்தால் வாசலிலேயே அடையாளம் கண்டுகொள்வான். விலை என்ற பெயரிலே வந்தால், வரவேற்று உட்கார வைக்கிறான்!

பணம் சும்மா வருமா?

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஆறு இலட்சத்தை மூன்றாண்டுக் காலம் ஒருவன் நமக்காக விட்டுக்கொடுக்கிறான் என்றால், அந்தப் பணம் எங்கிருந்தோ வருகிறது. வங்கியின் பணமானால், வங்கி அதற்கு வைப்புத் தொகையாளருக்கு வட்டி கொடுக்கிறது. நிதி நிறுவனத்தின் பணமானால், அந்த நிறுவனமே எங்கோ கடன் வாங்கித்தான் கொடுக்கிறது. ஆகவே, வட்டி என்பது எங்கோ ஓர் இடத்திலே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கேள்வி, வட்டி உண்டா இல்லையா என்பதல்ல. அந்த வட்டியைக் கட்டுவது யார் என்பதுதான் கேள்வி!

கட்டக்கூடியவர் மூவர். காரைச் செய்த கம்பெனி கட்டலாம். தேங்கிக் கிடக்கும் வண்டியைத் தள்ளிவிட வேண்டிய அவசரம் அதற்கு இருக்கும்போது கட்டவும் செய்கிறது. விற்பனையாளர் தம் ஆதாயத்திலே ஒரு பங்கை விட்டுக் கட்டலாம். மூன்றாமவர், வாங்குகிற நாம்! நாம் எப்படிக் கட்டுகிறோம்? ரொக்கக்காரனுக்குக் கிடைக்கும் தள்ளுபடியை இழந்து கட்டுகிறோம். கட்டுகிறோம் என்று தெரியாமலே கட்டுகிறோம்.

இது நேற்று முளைத்த வித்தை அல்ல. அமெரிக்காவிலே 1850களிலேயே சிங்கர் தையல் இயந்திரத்தைத் தவணைக்கு விற்றார்கள். கார் வந்த பிறகு, 1919இல் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, தன் கார்களை வாங்குவோருக்குக் கடன் கொடுக்கவென்றே தனியாக ஒரு நிறுவனத்தைத் தொடங்கியது. கார் செய்பவனே கடனும் கொடுக்கத் தொடங்கினான்!

ஹென்றி ஃபோர்டுக்கு இது பிடிக்கவில்லை. 1923இல் அவர் வேறொரு திட்டம் கொண்டுவந்தார். வாரந்தோறும் 5 டாலர் முதல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு செலுத்திக்கொண்டு வா. விலை முழுவதும் சேர்ந்ததும் காரை எடுத்துக்கொண்டு போ என்றார். நம் தாய்மார்கள் சீட்டுக் கட்டிப் பாத்திரம் வாங்குவதைப் போலத்தான். நல்ல திட்டமே. ஆனால் எதிரிலே இன்னொருவன் "முதலில் காரை எடு, பிறகு பணத்தைக் கொடு" என்று கூவும்போது, காத்திருக்க யாருக்குப் பொறுமை இருந்தது? மக்கள் கூவியவன் பக்கம் சென்றார்கள். 1928இல் ஃபோர்டும் கடன் நிறுவனம் தொடங்க வேண்டியதாயிற்று.

2001 செப்டம்பர் 11இல் நியூயார்க் நகரத்து இரட்டைக் கோபுரங்கள் இடிந்தன. அமெரிக்காவிலே வாணிபம் மந்தமாயிற்று. கார் விற்பனைக் கூடங்கள் வெறிச்சோடின. அந்த மாதமே ஜெனரல் மோட்டார்ஸ் வட்டியில்லாக் கடனை அறிவித்தது. மற்றக் கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. அக்டோபரிலே கார் விற்பனை மளமளவென்று ஏறியது. அது முதற்கொண்டு 'வட்டி பூஜ்யம்' என்பது கார் வாணிபத்தின் வாடிக்கையான முழக்கமாயிற்று.

ஆனால் அந்த நாட்டு விளம்பரங்களின் அடியிலே பொடி எழுத்திலே இரண்டு செய்திகள் இருக்கும். ஒன்று, இந்தச் சலுகை கடனை ஒழுங்காகக் கட்டியவர் என்று பெயர் எடுத்தவருக்கு மட்டுமே. இரண்டு, பல சமயங்களிலே வட்டியில்லாக் கடன் வேண்டுமா, ரொக்கத் தள்ளுபடி வேண்டுமா, ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம். இதோ, அவர்கள் பொடி எழுத்திலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள்! இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று என்றால், இதைப் பெறுவதற்கு அதுதான் விலை என்றுதானே பொருள்?

கணக்குப் போடுவோம், வாருங்கள்!

மேடைப் பேச்சு போதும். பென்சிலை எடுப்போம்.

நம் தோழரின் காருக்கு ரொக்கத்தில் 60,000 ரூபாய் தள்ளுபடி உண்டு என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் காரின் உண்மை விலை எட்டு இலட்சமா? அல்ல! 7,40,000தான். முன்பணம் இரண்டு இலட்சம் போனால், அவர் உண்மையிலே வாங்கும் கடன் 5,40,000. திருப்பிக் கட்டுவதோ 6,00,000. மேலே செல்லும் 60,000 என்ன? அதற்குப் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். தவணைதோறும் அசல் குறைந்துகொண்டே வருவதைக் கணக்கிலே கொண்டு பார்த்தால், அது ஆண்டுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு ரூபாய் வட்டி! இதற்குமேல் செயலாக்கக் கட்டணம் என்று 6,000 ரூபாய் வாங்கினால், வட்டி ஏழே முக்காலைத் தொட்டுவிடும்.

தள்ளுபடி 1,00,000 என்றால்? உண்மைக் கடன் 5,00,000, கட்டுவது 6,00,000. வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டுக்கும் மேலே! பூஜ்யம் என்று எழுதியிருந்த இடத்திலே பன்னிரண்டு உட்கார்ந்திருக்கிறது, பார்த்தீர்களா?

"அப்படியானால் வட்டியில்லாத் திட்டம் எல்லாமே மோசடி" என்று கத்திவிட்டுப் போகலாம். கைதட்டல் கிடைக்கும். ஆனால் அது உண்மை ஆகாது. உண்மை ஆகாததை உங்களிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

வங்கியிலே கார்க் கடன் நூற்றுக்கு ஒன்பதரை வட்டிக்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டு ஒத்துப் பாருங்கள். தள்ளுபடி 60,000 என்றால், வங்கியிலே 5,40,000 கடன் வாங்க வேண்டும். மாதத் தவணை 17,298 ஆகும். விற்பனையாளரின் திட்டத்திலோ 16,667தான். அப்போது திட்டமே இலாபம்! அங்கே கம்பெனி உண்மையிலேயே ஒரு பங்கைத் தன் தோளிலே சுமக்கிறது. தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். தள்ளுபடி 1,00,000 என்றால், வங்கிக் கடன் 5,00,000. மாதத் தவணை 16,016. திட்டத்தைவிட மாதம் 651 குறைவு. 36 மாதத்துக்கு 23,436 ரூபாய் மிச்சம். அப்போது வங்கியே மேல். இந்தக் கணக்கிலே எல்லைக்கோடு ஏறத்தாழ 80,000. விட்டுக்கொடுக்கும் தள்ளுபடி அதற்குக் கீழே என்றால் திட்டம். மேலே என்றால் வங்கி.

ஆகவே, 'வட்டி இல்லை' என்பதும் பொய். 'வட்டி இல்லை என்றாலே ஏமாற்று' என்பதும் பொய். ரொக்க விலை தெரியாமல் இரண்டிலே எதையும் சொல்ல முடியாது என்பதே மெய்! கம்பெனியும் விற்பனையாளரும் சேர்ந்து எவ்வளவு தள்ளுபடி தருகிறார்கள், காப்பீடு, துணைப் பொருள்கள் எல்லாம் சேர்த்துச் சாலையிலே ஓட்டும் விலை என்ன என்பதைக் கேட்டு வாங்கிய பிறகே பென்சிலுக்கு வேலை.

வேடம் போட்டு வரும் வட்டிகள்

பூஜ்யம் ஒன்றுதான் வேடம் என்று எண்ணாதீர்கள். அதற்குத் தம்பிமார் உண்டு.

'மூன்று மாதம் கழித்துக் கட்டத் தொடங்கினால் போதும்' என்பது ஒரு வேடம். தவணைதான் மூன்று மாதம் தூங்குகிறது. வட்டி தூங்குகிறதா என்று கேளுங்கள். ஆறு இலட்சத்துக்கு ஒன்பதரை வட்டி என்றால் மாதம் 4,750. மூன்று மாதத்துக்கு 14,250 ரூபாய், நாம் நிம்மதியாக இருக்கும்போதே கணக்கிலே ஏறிக்கொண்டிருக்கும்.

'பிளாட் ரேட் ஏழு சதவிகிதம்தான்' என்பது இன்னொரு வேடம். இதிலே அசல் குறையக் குறைய வட்டி குறைவதில்லை. கடைசித் தவணை கட்டும் மாதத்திலும், முதல் நாள் வாங்கிய ஆறு இலட்சத்துக்கும் வட்டி! மூன்றாண்டுக்கு 1,26,000 ரூபாய். குறையும் அசலுக்கு வட்டி என்ற முறையிலே பார்த்தால், இந்த ஏழு உண்மையிலே ஏறத்தாழப் பதின்மூன்று. ஏழு என்று சொல்லிப் பதின்மூன்று வாங்குவதற்குப் பெயர் கணக்காம்!

அமெரிக்கக் கடைகளிலே மூன்றாவது வேடம் ஒன்று உண்டு. கட்டில், தொலைக்காட்சிப் பெட்டி போன்றவற்றைக் கடையின் கடன் அட்டையிலே 'ஓராண்டு வட்டி இல்லை' என்று கொடுப்பார்கள். ஓராண்டுக்குள் கடைசிக் காசுவரை கட்டினால் வட்டி இல்லைதான். கொஞ்சம் பாக்கி நின்றால்? வாங்கிய முதல் நாளிலிருந்து வட்டி போட்டு மொத்தமாகத் தலையிலே இறக்குவார்கள்! வட்டியைத் தள்ளுபடி செய்வது வேறு, தள்ளிவைப்பது வேறு. ஓரெழுத்து, இரண்டெழுத்து வித்தியாசம்தான். ஒரு குடும்பத்தின் வரவு செலவையே கவிழ்க்கும் வித்தியாசம்!

நான்காவது வேடத்தை வெளியே தேட வேண்டாம்; நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. நான் தோழரைக் கேட்டேன்:

"முன்பணம் ரெண்டு இலட்சத்துக்கு என்ன அண்ணே பண்றீங்க?"

"கையிலே அம்பது இருக்கு. மீதி ஒண்ணரைக்கு வீட்டுக்காரி சங்கிலியும் பாப்பா வளையலும் இருக்கே, அதை வச்சிடலாம்னு."

"என்ன வட்டி?"

"மாசம் நூத்துக்கு ஒரு ரூபாதான்."

மாதம் 1,500 ரூபாய்! மூன்றாண்டுக் காலம் மீட்காமல் கிடந்தால் 54,000! வட்டியில்லாக் காருக்கு முன்பணம் கட்ட வட்டிக்குப் பணம்! விளம்பரத் தாளிலே இதற்கு இடம் கிடையாது. அந்த வண்ணப் படத்திலே சிரித்துக்கொண்டிருக்கும் பெண்மணியின் கழுத்திலே சங்கிலி மின்னுகிறது. நம் தோழரின் துணைவியார் கழுத்திலே மட்டும் மஞ்சள் கயிறு!

சட்டம் என்ன சொல்கிறது?

"இதையெல்லாம் கேட்க நாதியே இல்லையா?" என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் வந்த வழி நீண்ட வழி.

பால் டக்ளஸ் என்று ஓர் அமெரிக்க மேல்சபை உறுப்பினர். இல்லினாய் மாநிலத்துக்காரர், சிகாகோப் பல்கலைக் கழகத்திலே பொருளாதாரம் கற்பித்தவர். கடன் கொடுப்பவன், அதன் முழுச் செலவையும் ஆண்டுக்கு நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரே முறையிலே கணக்கிட்டு, வாங்குபவனிடம் எழுதிக் காட்ட வேண்டும் என்று 1960இல் மசோதா கொண்டுவந்தார். வட்டியைக் குறை என்றுகூட அவர் சொல்லவில்லை; வட்டியைச் சொல் என்றார். அதற்கே அத்தனை எதிர்ப்பு! ஆண்டுக்கணக்கிலே மசோதா குழுவைவிட்டு வெளியே வரவில்லை. 1966 தேர்தலிலே அவரே தோற்றார். ஆனால் கருத்து தோற்கவில்லை. 1968இல் அந்தச் சட்டம் நிறைவேறியது. விதைத்தவர் அவையிலே இல்லை. விளைந்தது மக்களுக்குக் கிடைத்தது.

இங்கே? 1972இல் தவணைக் கொள்முதல் சட்டம் என்று ஒன்றை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. தவணை ஒப்பந்தத்திலே தவணை விலை என்ன, ரொக்க விலை என்ன என்று இரண்டையும் எழுதியாக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொன்னது. ஆம், நான் படிப்பகத்திலே தோழரைக் கேட்டேனே, அதே கேள்வி! சட்டம் என்ன ஆயிற்று? நடைமுறைக்கு வரவே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஏட்டிலே உறங்கியது. 2005இல், உறங்கிய நிலையிலேயே அதை நீக்கிவிட்டார்கள். பிறந்த குழந்தையைத் தொட்டிலை விட்டே எடுக்காமல் புதைத்த கதை!

2013 செப்டம்பரிலே ரிசர்வ் வங்கி விழித்தது. வட்டி பூஜ்யம் என்பதே இல்லாத ஒன்று; கடன் அட்டைத் தவணைத் திட்டங்களிலே வட்டியைச் செயலாக்கக் கட்டணம் என்ற போர்வைக்குள் மறைக்கிறார்கள் என்று வங்கிகளுக்கு எழுதிய சுற்றறிக்கையிலேயே சொல்லி, அத்தகைய முறைகளைக் கைவிடச் சொன்னது. பொருளின் விலையிலே தள்ளுபடி இருந்தால், அதைக் கழித்துக்கொண்டு மீதிக்குத்தான் கடன் கொடுக்க வேண்டும். தள்ளுபடியை வட்டிக் குறைப்பாக மாற்றிக் காட்டக் கூடாது என்றும் கூறியது. நாம் பென்சிலால் போட்ட கணக்குத்தான், நாட்டின் தலைமை வங்கி முத்திரையோடு போட்ட கணக்கு!

அதைவிடப் பெரிய ஆயுதம் 2024இல் வந்தது. அந்த ஆண்டு ஏப்ரலிலே ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. அக்டோபர் 1 முதல் கொடுக்கும் புதுக் கடன்களுக்கு நடைமுறையாயிற்று. தனிமனிதர் வாங்கும் ஒவ்வொரு தவணைக் கடனுக்கும், வங்கியானாலும் நிதி நிறுவனமானாலும், 'கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்' என்ற விவரத் தாளைக் கொடுத்தாக வேண்டும். கே.எஃப்.எஸ். என்று கேட்டால் அலுவலகத்திலே புரிந்துகொள்வார்கள். வட்டி, கட்டணம், கடனோடு கட்டிவிடும் காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுக்கு நூற்றுக்கு எவ்வளவு என்ற ஒற்றை எண் அதிலே இருக்க வேண்டும். அதிலே எழுதாத எந்தக் கட்டணத்தையும் பிறகு நம் சம்மதமில்லாமல் வாங்க முடியாது. படித்துப் பார்க்க மூன்று வேலை நாளாவது அவகாசம் உண்டு. "இன்றே கையெழுத்துப் போடாவிட்டால் சலுகை போய்விடும்" என்று அவசரப்படுத்துபவரிடம், தாளைக் கொடுங்கள், படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு!

இன்னொன்றையும் கேளுங்கள். அந்தத் தாள், கடன் வாங்குபவருக்குப் புரிந்த மொழியிலே இருக்க வேண்டும் என்பதும் ஆணை. நமக்குப் புரிந்த மொழி எது? நாற்பது பக்கம் ஆங்கிலத்திலே அச்சடித்து, பெருக்கல் குறி போட்ட இடத்திலெல்லாம் கையெழுத்து வாங்கும் காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. "தமிழிலே கொடுங்கள்" என்று கேளுங்கள். கெஞ்சிக் கேட்க வேண்டாம், நிமிர்ந்து கேளுங்கள். மொழி உரிமை மேடையோடு நின்றுவிடுவதா? கடன் பத்திரத்திலும் அது நமக்கு வேண்டும்!

தவணை தவறினால்? 2023 ஆகஸ்டில் வந்த ஆணைப்படி, தவறியதற்கு அபராதக் கட்டணம் வாங்கலாம். அதை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. ஆளை ஏவி வழியிலே மறித்து வண்டியைப் பறிக்கும் முறையை 2007இலேயே உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்திருக்கிறது. கடனை வசூலிக்கச் சட்டவழியிலேதான் செல்ல வேண்டும் என்றது. முறையிட்டு 30 நாளாகியும் பதில் இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் காசு இல்லை. இது உண்மையிலேயே இலவசம்!

கடன் தீர்ந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. கார் நம் பெயரிலே இருந்தாலும், பதிவுச் சான்றிலே கடன் கொடுத்தவன் பெயரும் இருக்கும். கடைசித் தவணையைக் கட்டிவிட்டு இனிப்பு வழங்கினால் போதாது. தடையில்லாச் சான்றும் 35ஆம் எண் படிவமும் வாங்கி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலே கொடுத்து, அந்தப் பெயரை நீக்க வேண்டும். அன்றுதான் கார் முழுக்க முழுக்க நம்முடையது.

தோழர் என்ன செய்தார்?

மறுநாள் கையெழுத்துப் போடவில்லை. விற்பனைக் கூடத்துக்குப் போனார். நாற்காலியின் நுனியிலே அல்ல, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். நடந்ததை அவரே வந்து சொன்னார்.

"ரொக்கமா எடுத்தா என்ன விலை சார்?"

"ஸ்கீம்லதானே அண்ணே எடுக்கிறீங்க? அது எதுக்கு?"

"எதுக்கோ! விலை சொல்லுங்க."

உள்ளே போனார்கள், வெளியே வந்தார்கள், மேலாளரைக் கூப்பிட்டார்கள். கடைசியிலே சொன்னார்கள்: ரொக்கத்துக்கு 1,00,000 தள்ளுபடி. திட்டத்திலே எடுத்தால் அது கிடையாது. செயலாக்கக் கட்டணம் 6,000 தனி.

வட்டி இல்லாத அந்தக் கடனின் வட்டி, நூற்றுக்குப் பதின்மூன்று!

நம் தோழர் சண்டை போடவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டார். வங்கியிலே விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். சீட்டுப் பணம் தையிலே வருகிறது. அதுவரை காத்திருந்தால் வளையலை அடகு வைக்க வேண்டியதில்லை. சங்கிலி மட்டும் போதும், அதையும் ஆறு மாதத்திலே மீட்டுவிடலாம் என்று துணைவியாரும் அவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கைப் பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்திலே எழுதிக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். ஓரிடத்திலே கூட்டல் பிழை இருந்தது. அதையும் அவர் மகளே திருத்தியிருந்தாள்.

அவர் இன்னும் அடுத்தவர் காரைத்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். வருத்தம்தான். ஆனால் அன்று படிப்பகத்திலே கண்ட ஒளி அவர் முகத்திலே இன்னும் இருக்கிறது. தாள் ஏற்றிய ஒளி அல்ல, தானே ஏற்றிக்கொண்டது.

தோழர்களே! கார் வாங்காதே என்று சொல்ல நான் வரவில்லை. சீமான் வீட்டு வாசலிலே மட்டும் நிற்க வேண்டிய பொருளா கார்? ஓட்டத் தெரிந்தவன் அதை உடைமையாக்கிக்கொள்ள ஆசைப்படுவது நியாயம்! கடன் வாங்காதே என்றும் சொல்லவில்லை. ரொக்கம் இல்லாத நமக்குக் கடன் ஓர் ஏணி. ஏறுங்கள். ஆனால் ஏறுமுன் படிகளை எண்ணுங்கள்.

விலை என்ன என்று கேட்டுப் பழகிய நாம், ரொக்க விலை என்ன என்றும் கேட்டுப் பழகுவோம். மாதத் தவணை எவ்வளவு என்று கேட்கும் நாக்கு, மொத்தம் எவ்வளவு, ஆண்டுக்கு நூற்றுக்கு எவ்வளவு என்றும் கேட்கட்டும். தாள் தமிழிலே வரட்டும். மூன்று நாள் கழித்துக் கையெழுத்து விழட்டும். அடுத்த முறை ஒரு வண்ணத் தாள் உங்கள் கைக்கு வந்து, 'வட்டி இல்லை' என்று சிரிக்குமானால், நீங்களும் சிரித்துக்கொண்டே கேளுங்கள்:

"வட்டி இல்லை, சரி. விலை என்ன?"